ஒட்டாத தோல் சொன்ன பாடம்



ரப்பர்த் தோட்டங்களை நம்பி வாழ்ந்த நமக்கு ஒட்டுக்கட்டும் வேலையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நர்சரியில் வளர்ந்த கன்றின் அடிப்பட்டையைக் கத்தியால் கீறி, நிறையப் பால் தரும் வேறொரு மரத்திலிருந்து எடுத்த மொட்டை அதற்குள் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால், கட்டியவர் கைப்பக்குவம் உள்ளவரானால், மொட்டு பச்சையாக உயிரோடு இருக்கும். "இது என்னுடைய மொட்டா, அடுத்த மரத்து மொட்டா?" என்று கன்று கேட்பதில்லை.

மனித உடம்பு கேட்கும். ஒருவர் தோலை எடுத்து இன்னொருவர் மேல் வைத்தால், எவ்வளவு கைதேர்ந்த டாக்டர் வைத்துத் தைத்தாலும், சில நாளில் அது கருகி உதிர்ந்துவிடும். அண்ணன் தோலைத் தங்கைக்கு வைத்தாலும் இதே கதிதான். ஏன் இப்படி? இந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் பாடுபட்ட ஒரு விஞ்ஞானியின் வரலாற்றையே இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் பீட்டர் மெடாவர். இன்று சிறுநீரகம் பழுதாகி, இன்னொருவர் சிறுநீரகத்தைப் பெற்று, வேலைக்குப் போய், பிள்ளைகுட்டிகளோடு வாழும் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இந்தக் கேள்வி நிற்கிறது.

பிறப்பும் படிப்பும்

மெடாவர் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பிரேசில் நாட்டில் பிறந்தார். நம் ரப்பர் மரத்தின் தாயகமும் அதே பிரேசில்தான் என்பதை மாணவர்கள் அறிவீர்கள். தந்தை லெபனானிலிருந்து வந்தவர். தாய் ஆங்கிலேயப் பெண்மணி. சிறுவயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துத் தேறி, அங்கேயே ஆராய்ச்சியில் இறங்கினார். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அவர் கத்தி பிடிக்கும் டாக்டர் அல்லர். விலங்குகளையும் உயிரணுக்களையும் பற்றிப் படித்தவர்.

வானத்திலிருந்து விழுந்த கேள்வி

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். 1940-ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டில் மெடாவர் குடியிருந்த வீட்டுக்கு அருகே ஒரு போர் விமானம் விழுந்து எரிந்தது. அதிலிருந்த இளம் விமானிக்கு உடம்பில் பாதிக்கு மேல் தீப்புண். அவரைக் கவனித்த மருத்துவர்கள், "நீங்கள் உயிரணுக்களை வளர்க்கத் தெரிந்தவராயிற்றே, இவருக்கு ஏதாவது வழி உண்டா?" என்று மெடாவரை அழைத்துக் கேட்டார்கள். அப்போது அவருக்கு வயது 25.

தீப்புண் எவ்வளவு கொடுமையானது என்பது அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்குத் தெரியும். தோல் போய்விட்டால் உடம்பிலுள்ள நீர் கசிந்துகொண்டே இருக்கும். கிருமிகள் தடையின்றி உள்ளே நுழையும். சிறிய புண்ணாக இருந்தால் நோயாளியின் தொடையிலிருந்து தோலை எடுத்து மூடிவிடலாம். தன் தோல் தனக்கு ஒட்டும். கன்னத்துச் சதையை எடுத்து அறுபட்ட மூக்கைச் சீர்செய்யும் முறை நம் பாரதத்தின் பழைய சுஸ்ருத சம்ஹிதையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் உடம்பில் பாதி வெந்துபோனவரிடம் எடுப்பதற்குத் தோல் ஏது? அடுத்தவரிடம்தான் வாங்க வேண்டும். அடுத்தவர் தோலோ ஒட்டாது!

மெடாவர் முதலில் நோயாளியின் கொஞ்சத் தோலையே பெருக்கி விரிக்க முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. "சரி, நம்மால் ஆகவில்லை" என்று அத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவும் மாட்டேன், நீங்கள் படிக்கவும் மாட்டீர்கள். அவர் விடவில்லை. அடுத்தவர் தோல் ஏன் ஒட்டவில்லை என்று அந்தத் தோல்வியையே கேள்வி கேட்கத் தொடங்கினார்.

தையல் வேலையில் குற்றம் இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கும் கலையைக் கண்ட அலெக்ஸிஸ் காரல் என்பவர் 1912-லேயே நோபல் பரிசு பெற்றுவிட்டார். கை தயாராக இருந்தது. காரணம் தெரியாமல்தான் மருத்துவ உலகம் தவித்தது.

இரண்டாம் தடவை இன்னும் வேகம்

மெடாவர் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரியின் தீப்புண் பிரிவுக்குப் போனார். அங்கே தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்தார். தீக்காயம் பட்ட ஓர் இளம்பெண்ணின் புண்மேல், அவளுடைய சொந்தத் தோலில் சிறுசிறு துண்டுகளும், அவளுடைய சகோதரனின் தோலில் சிறுசிறு துண்டுகளும் வைத்தார்கள். நாள்தோறும் பார்த்தார்கள். அவ்வப்போது ஒரு துண்டை எடுத்து நுண்பெருக்காடியின் கீழ் வைத்து ஆராய்ந்தார்கள்.

முதல் சில நாள் இரண்டு வகையும் நன்றாகவே இருந்தன. பிறகு அவளுடைய சொந்தத் தோல் பரவி வளர்ந்தது. சகோதரனின் தோல் அழியத் தொடங்கியது. இரண்டு வாரம் போல ஆனதும், அதே சகோதரனிடமிருந்து மறுபடியும் தோல் எடுத்து வைத்தார்கள். இந்தத் தடவை நடந்ததைப் பார்த்துத்தான் மெடாவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவதாக வைத்த தோல் முதல் தோலைவிட மிக விரைவாக அழிந்துபோயிற்று!

இதற்கு என்ன பொருள்? ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காவல் நிற்கும் ஜாகா, முன்பின் தெரியாத ஆள் முதல்முறை வந்தால் யார் எவர் என்று பார்த்து விசாரித்து வெளியேற்றக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதே ஆள் மறுநாள் வந்தால் தூரத்தில் கண்டதுமே விரட்டிவிடுவார். முகம் ஞாபகம் இருக்கிறதல்லவா? உடம்பும் அப்படியே செய்கிறது. முதல் தோலை அது ஞாபகத்தில் வைத்திருந்தது.

ஞாபகம் வைத்துக்கொள்வது யார்? நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் அதே படைதான். உங்களுக்குத் தடுப்பூசி போடுகிறார்களே, அது எதற்காக? கிருமியின் அடையாளத்தை உடம்புக்கு முன்கூட்டியே காட்டிவைத்து, உண்மையான நோய் வரும்போது விரைவாக விரட்டுவதற்காக. அம்மை வந்து பிழைத்தவரைக் கிருமியிடமிருந்து காப்பாற்றும் அதே நோய் எதிர்ப்புச் சக்திதான், அண்ணன் கொடுத்த தோலையும் கிருமியைப் போல எண்ணி அழிக்கிறது. காப்பாற்றும் கையே தட்டிவிடும் கையாகவும் இருக்கிறது. மெடாவரும் கிப்சனும் இந்தச் சோதனையை 1943-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு முடிவு கட்டிவிடக் கூடாது என்பது விஞ்ஞானத்தின் சட்டம். மெடாவர் ஆக்ஸ்போர்டு திரும்பி, 25 முயல்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் தோலையும் அந்த 25 முயல்களுக்கும் வைத்துப் பார்த்தார். 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625. அத்தனை ஒட்டுகள்! ஒவ்வொன்றையும் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும். வாய்ப்பாடு படிக்கச் சலித்துக்கொள்ளும் தம்பி தங்கைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளாஸ்கோவில் கண்டதே முயல்களிலும் நடந்தது. சந்தேகம் தீர்ந்தது.

மாட்டுக் கொட்டகையில் கிடைத்த திறவுகோல்

காரணம் தெரிந்துவிட்டது, வழி தெரியவில்லையே? வழி மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது.

1948-இல் சுவீடன் நாட்டில் நடந்த ஒரு மாநாட்டில், கால்நடை ஆராய்ச்சி செய்யும் ஒருவர் மெடாவரைச் சந்தித்தார். "இரட்டைக் கன்றுகளில் எது ஒரே கருவிலிருந்து வந்த அச்சு இரட்டை, எது இரண்டு கருவிலிருந்து வந்த சாதாரண இரட்டை என்று கண்டுபிடிப்பது எப்படி?" என்று கேட்டார். "அது ரொம்பச் சுலபம். ஒன்றின் தோலை மற்றதற்கு வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அச்சு இரட்டை, உதிர்ந்தால் சாதாரண இரட்டை" என்றார் மெடாவர்.

சொன்னபடி ரூபர்ட் பில்லிங்ஹாம் என்ற தம் துணை ஆராய்ச்சியாளரோடு பண்ணைக்குப் போய்ச் செய்தும் பார்த்தார். அவர் சொன்னது பலிக்கவில்லை. சாதாரண இரட்டைகளிலும் தோல் ஒட்டிக்கொண்டது! ஆண் கன்றும் பெண் கன்றுமாகப் பிறந்த இரட்டை, அச்சு இரட்டையாக இருக்கவே முடியாது. அவற்றிலும் ஒட்டியது.

மறுபடியும் எதிர்பாராத விடை. மறுபடியும் ஏன் என்ற கேள்வி. அமெரிக்காவில் ரே ஓவன் என்ற விஞ்ஞானி 1945-இல் கண்டறிந்து எழுதியது இங்கே கைகொடுத்தது. இரட்டைக் கன்றுகள் தாய் வயிற்றில் இருக்கும்போதே அவற்றின் இரத்தம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. பிறந்து வளர்ந்த பிறகும் ஒன்றின் இரத்த அணுக்கள் மற்றதன் உடம்பில் குடியிருக்கின்றன என்று அவர் கண்டிருந்தார். ஆஸ்திரேலிய விஞ்ஞானி மெக்ஃபர்லேன் பர்னட் அவர்கள் 1949-இல் இதிலிருந்து ஒரு கருத்தை வகுத்தார். 'இது நம்முடையது, இது அந்நியம்' என்ற பாடத்தை உடம்பு பிறவியிலேயே எழுதிக்கொண்டு வருவதில்லை. கருவில் வளரும் காலத்தில்தான் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் உள்ளே வந்து சேர்ந்ததை எல்லாம் நம்முடையது என்று எடுத்துக்கொள்கிறது என்பதே அக்கருத்து.

விளக்கமாகச் சொன்னால், கைக்குழந்தையாக வீட்டுக்கு வந்து வளர்ந்த தத்துப்பிள்ளையை அந்த வீட்டு நாய் ஒருநாளும் குரைத்து விரட்டாது. அதுபோலத்தான்.

மூன்று எலிக்குஞ்சுகள்

கருத்து அழகாக இருந்தால் போதாது. செய்து காட்ட வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மெடாவர், பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் ஆகிய மூவரும் கூடி வேலை செய்தார்கள். இந்த பிரெண்ட் யார் தெரியுமா? ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938-இல் சிறுவனாகத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுத் தப்பியவர். அவருடைய தாய், தந்தை, சகோதரி மூவரும் நாஜிக்களால் கொல்லப்பட்டார்கள். நீ நம்மவன் இல்லை என்று சொல்லி ஒரு நாடு விரட்டிய பிள்ளை, வேற்று உயிரணுவை உடம்பு ஏற்றுக்கொள்ள வழி தேடும் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

அவர்கள் செய்தது இதுதான். பழுப்பு நிற எலி இனம் ஒன்று. வெள்ளை நிற எலி இனம் ஒன்று. கருவுற்ற பழுப்பு எலியின் வயிற்றிலிருக்கும் குஞ்சுகளுக்கு, வெள்ளை எலியின் உயிரணுக்களை மெல்லிய ஊசியால் செலுத்தினார்கள். குஞ்சுகள் பிறந்து எட்டு வாரம் ஆனதும், அவற்றின்மேல் வெள்ளை எலியின் தோலை வைத்தார்கள். அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் முதலாவதாகச் சொல்லப்படும் ஈற்றில் ஐந்து குஞ்சுகள். இரண்டில் தோல் உதிர்ந்தது. மூன்றில் ஒட்டிக்கொண்டது! பழுப்பு உடம்பின்மேல் வெள்ளை ரோமம் வளர்ந்து நின்றது.

1953-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இது 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் வெளிவந்தது. இந்த முறையை மனிதருக்கு அப்படியே செய்ய முடியாது. நாற்பது வயதில் யாருக்குச் சிறுநீரகம் பழுதாகும் என்று கருவிலேயே யார் அறிவார்? ஆனாலும் அந்த மூன்று எலிகள் ஒன்றை நிரூபித்துவிட்டன. உடம்பு எழுப்பும் சுவர் உடைக்க முடியாத சுவர் அல்ல. அதுவரை முடியாத காரியம் என்று ஒதுங்கி நின்ற மருத்துவர்களுக்கு இது பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

சுவரில் விழுந்த வாசல்

அடுத்த ஆண்டே, 1954 டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்ற மருத்துவர் அச்சு இரட்டைச் சகோதரர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்கு வைத்தார். சிகிச்சைக்கு முன்னே, இவர்கள் உண்மையாகவே அச்சு இரட்டையர்தானா என்று எப்படி உறுதி செய்தார்கள் தெரியுமா? ஒருவர் தோலில் ஒரு துண்டை எடுத்து மற்றவருக்கு வைத்து, ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள்! சிறுநீரகமும் ஒட்டியது. பெற்றுக்கொண்டவர் அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

ஆனால் எல்லாருக்கும் அச்சு இரட்டை இருக்கிறதா? மற்றவர்களுக்கு வழி மருந்துதான். ராய் கால்ன் என்ற இங்கிலாந்து மருத்துவர் இளைஞராக இருந்தபோது மெடாவரின் சொற்பொழிவைக் கேட்டவர். இதனால் நோயாளிக்கு ஏதும் பயன் உண்டா என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு, அறவே இல்லை என்று மெடாவர் விடை சொன்னதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கால்னே எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மருந்துகளைச் சோதித்து வழி திறந்தவர்களில் ஒருவரானார். அசதியோபிரின் என்ற மருந்தின் துணையால், 1962-இல் பாஸ்டனில் இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம் இன்னொருவருக்கு ஓராண்டுக்கு மேல் வேலை செய்தது.

1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியான் பர்னார்ட் இதயத்தையே மாற்றிவைத்து உலகத்தை அதிசயிக்க வைத்தார். ஆனால் அந்த நோயாளி 18 நாளில் நுரையீரல் காய்ச்சலால் இறந்தார். ஜாகாவைத் தூங்க வைத்தால் திருடனும் உள்ளே வந்துவிடுவான் அல்லவா? எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பிறகு மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணத்திலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்து எடுக்கப்பட்டது. 1980-களில் அது பரவலாகப் பயனுக்கு வந்த பிறகே சிறுநீரகம், ஈரல், இதயம் மாற்றும் சிகிச்சைகள் நம்பகமான வைத்தியமாயின. இன்றும் உறுப்பு பெற்றவர்கள் நாள் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு நாள் நல்லா இருக்கிறதென்று நிறுத்திவிட்டால், ஜாகா விழித்துக்கொள்வார்.

நம் பக்கத்திலும் இந்த வைத்தியம் தாமதமின்றி வந்தது. சிங்கப்பூரில் 1970-ஆம் ஆண்டிலும், கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1975-ஆம் ஆண்டு டிசம்பரிலும் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது.

பரிசும் பங்கும்

1960-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பர்னட்டுக்கும் மெடாவருக்கும் வழங்கப்பட்டது. மெடாவர் என்ன செய்தார்? தமக்குக் கிடைத்த பணத்தில் பில்லிங்ஹாமுக்கும் பிரெண்டுக்கும் பங்கு கொடுத்தார். பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. வேலையில் அவர்கள் கை இருந்தது. அதை அவர் மறக்கவில்லை.

1969-ஆம் ஆண்டு, தேவாலயத்தில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தபோதே மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு விழுந்தார். அப்போது அவருக்கு வயது 54. இடது பக்கம் விழுந்துவிட்டது. பார்வையும் பாதி போயிற்று. அப்படியும் அவர் ஓய்ந்துவிடவில்லை. மனைவி ஜீன் அம்மையாரின் துணையோடு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார், புத்தகங்கள் எழுதினார். 1979-இல் இளம் விஞ்ஞானிகளுக்கு அறிவுரையாகவே ஒரு நூல் வெளியிட்டார். 1987 அக்டோபர் 2-ஆம் நாள் காலமானார்.

நமக்கு என்ன?

பெற்றோர்களே! நம் மக்களிடையே நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் சிறுநீரகம் பழுதாவதற்கு முதற் காரணம் நீரிழிவுதான். பழுதானவர்கள் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டுண்டு இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கூலிக்கு வேலை செய்பவர் வாரத்தில் மூன்று நாளை இழந்தால் அடுப்பு எப்படி எரியும்? ஆகவே சீனியைக் குறையுங்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கிளினிக்கில் தவறாமல் சோதித்துக்கொள்ளுங்கள். டாக்டர் தந்த மருந்தைப் பாதியில் விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், விஞ்ஞானம் வழியைத் திறந்து வைத்திருக்கிறது. குறைவாக இருப்பது கொடுக்கும் கைதான். மலேசியாவில் 18 வயது நிறைந்தவர்கள், தம் மரணத்துக்குப் பின் உறுப்புகளைத் தானம் செய்வதாக உறுதி பதிந்துவைக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டால் வழி சொல்வார்கள். பதிந்துவைத்ததை வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் சம்மதம் கேட்கப்படுவது அவர்களிடம்தான். தன் கண்ணையே பெயர்த்து வைத்த கண்ணப்ப நாயனாரைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும் நாம், போன உயிரின் கண்ணையும் சிறுநீரகத்தையும் கொடுக்கத் தயங்கலாமா? வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் உங்களை மனமார வாழ்த்துகிறேன். உங்களோடு சேர்ந்து படித்த தோழனையும், விளக்கு அணையும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் மெடாவரைப் போல மறவாதிருங்கள். இந்த ஆண்டு பரிசு கிடைக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு தப்பாகப் போனால் தாளைக் கசக்கி எறியாதீர்கள். எந்த வரியில் தப்பியது, ஏன் தப்பியது என்று அதே தாளை வைத்துக்கொண்டு உட்காருங்கள். தெரியாவிட்டால் எழுந்து நின்று எங்களைக் கேளுங்கள். சொல்லித்தர ஆசிரியர்கள் நாங்கள் காத்திருக்கிறோம்.